தோட்டக் கொட்டகையின் காலும் தலையும்: கட்டிடக் கலை மாணவர்களின் மர வேலையிலிருந்து விவசாயிகளுக்குச் சில செய்திகள்

விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரி, நிலக்கடலை, சவுக்கு பயிரிடும் சிறு விவசாயிகளுக்குத் தோட்டத்தில் ஒரு சிறு கொட்டகை இன்றியமையாதது. வட்டார வழக்கில் இதனைக் 'கொட்டாய்' என்பர். கோடையில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் நாட்களில் நிழலுக்கு ஒதுங்குவது அங்கேதான். மண்வெட்டி, கூடை, சாக்கு வைப்பதும், கைக்குழந்தையோடு வேலைக்கு வரும் பெண்கள் தூளி கட்டுவதும் அங்கேதான். எனினும் இதற்கென்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. கையில் கிடைத்த நாலு கம்பை நட்டு, மேலே கீற்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இரண்டு மூன்று மழைக்காலம் கண்டதும் கால் இற்றுக் கொட்டகை ஒரு பக்கம் சாய்கிறது. புயல் வந்தால் அதுவரைகூடத் தாங்குவதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் வளர்த்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பெரிய மரங்களே நிற்காத காற்றில் கொட்டகையைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். பேச வேண்டியிருக்கிறது. புயல் ஓய்ந்த மறுநாள் முதல் தோட்டத்தில் கிடந்து வேலை செய்ய ஒரு கூரை வேண்டும். பறந்து வரும் கூரைக் கம்பு ஆளையும் மாட்டையும் அடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தச் சிறு வேலையைப் பாடமாகவே வைத்துக் கற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிடக் கலை மாணவர்கள்.

மாணவர்கள் ஏன் கொட்டகை கட்டுகிறார்கள்?

நம் நாட்டில் கட்டிடக் கலைப் பட்டப் படிப்பு ஐந்து ஆண்டு. அதில் பெரும் பகுதி வரைபடத்திலேயே கழிகிறது. காகிதத்தில் போட்ட கோடு சாயாது, இற்றுப் போகாது, கறையானும் அரிக்காது. எனவே மாணவர்கள் ஒரு சிறு கட்டிடத்தையாவது தாங்களே திட்டமிட்டு, தங்கள் கையாலேயே கட்டி முடிக்க வேண்டும் என்ற முறையை உலகின் பல கல்லூரிகள் மேற்கொண்டுள்ளன. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993 முதல் 'ரூரல் ஸ்டூடியோ' என்ற பெயரில் ஏழைக் கிராமங்களில் இவ்வாறு மாணவர்களைக் கொண்டு வீடுகளும் பொதுக் கட்டிடங்களும் கட்டி வருகிறது. தொடக்கப் பயிற்சிக்கு மரத்தாலான ஒரு தோட்டக் குடில் மிகவும் ஏற்றது. அளவில் சிறியதானாலும் அடித்தளம், கால், உத்திரம், கூரை, மழை, காற்று என்று பெரிய கட்டிடத்தின் எல்லாப் பிரச்சினைகளும் அதில் உண்டு.

நமக்குப் பயன்படும் உதாரணம் இரண்டு உள்ளன. ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் முதலில் வந்து குடியேறியவர்கள் சவுக்குக் கம்பும் கீற்றும் கொண்டே குடிசை போட்டார்கள். மும்பையில் கட்டிடக் கலைப் பட்டம் பெற்ற கையோடு அங்கு வந்த அனுபமா குண்டு என்பவர் 1990-இல் தமக்கென்று கட்டிக்கொண்ட குடிலும் அப்படிப்பட்டதே. சவுக்குக் கம்பு, தென்னங்கயிறு, கீற்று ஆகியவையே அதற்கு முதன்மையான பொருட்கள். பின்னாளில் உலகெங்கும் பெயர் பெற்ற ஒரு கட்டிடக் கலைஞரின் முதல் வேலை, நம் தோட்டத்துக் கொட்டாய்க்குத் தூரத்து உறவுதான். இன்றும் ஆரோவில்லில் உள்ள மூங்கில் மையத்துக்கு மாணவர்கள் வந்து, கம்பை அறுத்து இணைத்துக் கட்டப் பழகிச் செல்கிறார்கள்.

மற்றொன்று இங்கிலாந்தில் இருக்கிறது. டார்செட் பகுதியில் ஹூக் பார்க் என்றொரு காடு. பரப்பு சுமார் 350 ஏக்கர். காட்டில் மரங்கள் நெருக்கமாக வளரும்போது நடுவில் சிலவற்றைக் கலைத்து எடுப்பார்கள். அப்படி எடுக்கும் ஒல்லி மரங்களுக்கு விறகு விலைதான் கிடைக்கும். அந்த ஒல்லி மரத்தைக் கொண்டே கட்டிடம் எழுப்ப முடியும் என்று 1987-இல் அங்கு ஒரு வீடு கட்டிக் காட்டினார்கள். 2002 முதல் அந்தக் காடு லண்டனில் உள்ள ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் கட்டிடக் கலைப் பள்ளியின் வசம் இருக்கிறது. மாணவர்கள் அங்கேயே தங்கி, அங்கே வெட்டிய மரத்தைக் கொண்டு கட்டிப் பழகுகிறார்கள். 2016-இல் மரச் சீவல் சேமிக்க ஒரு கொட்டகை கட்டினார்கள். அதன் கூரையைத் தாங்குவது ஆணி அடித்த சட்டம் அல்ல. மரத்தில் இயற்கையாகப் பிரியும் கவைகள். இருபது கவைகளைத் தேர்ந்து, கம்ப்யூட்டரில் அளந்து, ஒன்றோடொன்று பொருத்தினார்கள்.

கவைக்காலா, இது நம் பாட்டன் செய்ததாயிற்றே என்று விவசாயிகள் சிரிக்கலாம். உண்மைதான். கவைக்கால் நட்டு அதன் மேல் உத்திரம் ஏற்றுவது தமிழ்நாட்டுக் குடிசையின் பழைய முறை. கிளை பிரியும் இடத்தில் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால், வெட்டி ஆணி அடித்த இணைப்பைவிடக் கவை வலிவானது. சீமையில் கம்ப்யூட்டர் வைத்துக் கண்டதை நம்மவர் கண்ணாலேயே கண்டு வைத்திருந்தார்கள். ஆனால் பழைய குடிசையின் தலை சரியாக இருந்ததே தவிர, கால் சரியாக இல்லை. கவைக்காலை மண்ணில் புதைத்ததுதான் அதன் குறை.

மண்மட்டத்தில் நடப்பது என்ன?

மரத்தை இற்றுப்போகச் செய்வது பூசணம். அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருந்தால் பூசணம் வளராது. நிலத்திற்கு மேலே காற்று உண்டு, ஆனால் மரம் காய்ந்து விடுகிறது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் தாராளமாகச் சேரும் இடம் மண்மட்டமும் அதற்குக் கீழே ஒரு சாண் ஆழமும்தான். நட்ட கம்பு எப்போதும் அந்த இடத்தில் ஒடிவதன் காரணம் இதுவே. பிடுங்கிப் பார்த்தால் அடிமுனை ஓரளவு நன்றாகவே இருக்கும். மட்டத்தில் மட்டும் கழுத்து நெரித்தாற்போல் மெலிந்திருக்கும். கறையானும் அவ்வழியாகவே ஏறும்.

சவுக்கு கனமான மரம், வலுவும் உண்டு. ஆனால் மூன்று நான்கு ஆண்டில் வெட்டும் கம்பில் வைரம் பாய்ந்திருக்காது. மண்ணில் பட்டால் நிலைக்காது. அடியைத் தீயில் கருக்கி நடுவதும், தார் பூசுவதும் பழக்கத்தில் உள்ளன. கம்பு காயும்போது வெடிப்பு விடும். அந்த வெடிப்பின் வழியே ஈரம் உள்ளே போய்விடும். ஆகவே கருக்குவதையும் தாரையும் மட்டும் நம்பியிருப்பது போதாது. மரம் மண்ணைத் தொடாமல் நிற்கச் செய்வதே சரியான வழி. குடில் கட்டும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

பீங்கான் ஊரில் கிடைக்கும் கால்

இங்கேதான் விருத்தாசலத்துக்கு ஒரு வசதி. பீங்கான் தொழிலுக்கென்று அரசின் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் தொழிற்பேட்டையும் அமைந்த ஊர் இது. சூளையில் நன்கு வெந்து, மேலே பளபளப்புப் பூச்சு ஏறிய மண்பொருள் ஈரத்தை உறிஞ்சாது, இற்காது, கறையான் அரிக்காது. சாக்கடைக்குப் பயன்படும் 'ஸ்டோன்வேர்' குழாய் அந்த வகையைச் சேர்ந்தது. 9 அங்குல விட்டம், 2 அடி நீளமுள்ள குழாய் கொட்டகைக் காலுக்கு நல்ல பீடமாகும். தண்ணீர் கொண்டு செல்லப் போவதில்லை என்பதால் வாய் சற்றுச் சிதைந்த, இரண்டாம் தரக் குழாயே போதும். நீளவாட்டில் கீறல் விட்டதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஒன்றரை அடிச் சதுரத்தில், 2 அடி ஆழத்தில் குழி எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் பாதி குழிக்குள்ளும் பாதி தரைக்கு மேலும் இருக்குமாறு நிறுத்தி, குழியையும் குழாயையும் 1:2:4 கலவையில் ஜல்லிக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். கான்கிரீட் இறுகுமுன் 2 அங்குல அகலமும் கால் அங்குலத் தடிப்பும் உள்ள இரண்டு இரும்புப் பட்டைகளை எதிரெதிராக ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கி, பீடத்துக்கு மேல் ஒரு அடி நீட்டி விட வேண்டும். பட்டையின் அடியைச் சற்று வளைத்துவிட்டால் உருவிக்கொண்டு வராது. சவுக்குக் கால் இந்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே நிற்கும். இரண்டு போல்ட்டுகள் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும். காலின் அடி பீடத்தின் மேல் உட்காராமல் அரை அங்குல இடைவெளி இருக்கட்டும். வழியும் நீர் தேங்காது. பீடத்தின் மேற்பரப்பையும் வெளிப்பக்கம் சரிவாகப் பூசிவிட வேண்டும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருந்த பிறகே மரத்தை ஏற்றலாம்.

ஆறு காலுக்கு ஐந்து முதல் ஆறு மூட்டை சிமெண்ட் ஆகும். குழியில் கருங்கல் சக்கைகளைப் பதித்துக் கலவை ஊற்றினால் ஒரு மூட்டை வரை மிச்சம் பிடிக்கலாம். கரிசல் மண்ணில் கோடையில் வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டிக் குழி எடுப்பது அவசியம். ஒரு கொட்டகைக்கு இத்தனை செலவா என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தக் கால்கள் ஒரு முறை போட்டால் போதும். மேலே உள்ள கம்பையும் கீற்றையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

காற்று தூக்குகிறது

கொட்டகையைக் காற்று தள்ளிச் சாய்க்கிறது என்றே பலரும் நினைக்கின்றனர். தள்ளுவது உண்மைதான். ஆனால் தோட்டத்துக் கொட்டகைபோல் பக்கச் சுவர் இல்லாத கட்டிடத்தில், காற்று கூரைக்கு அடியில் புகுந்து மேல் நோக்கித் தூக்குகிறது. கூரையின் மேலே வேகமாகச் செல்லும் காற்றும் மேலே உறிஞ்சுகிறது. எதிர்க்காற்றில் குடை மேல்பக்கமாக மடங்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதை ஒரு தோராயக் கணக்காகப் பார்க்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 'தானே' புயலின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் விசை சுமார் 90 கிலோ. இறவாணத்தோடு சேர்த்து 12 அடிக்கு 12 அடி கூரை என்றால், ஏறத்தாழ 1,200 கிலோ மேலே இழுக்கும். ஆறு கால் வைத்தால் காலுக்குச் சுமார் 200 கிலோ. நடுக்கால்களுக்குச் சற்றுக் கூடுதல். கீற்றுக் கூரையின் எடை இதற்கு முன் பெரிதல்ல. மேற்கூறிய அளவில் போட்ட கான்கிரீட் குழி ஒன்று 300 கிலோ வரை எடை தரும். நட்ட கம்பு ஒன்றை இரண்டு பேர் ஆட்டிப் பிடுங்கிவிடலாம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்கரையிலிருந்து உள்ளே வரவரப் புயலின் வேகம் குறையும். என்றாலும் கணக்கைக் குறைத்துப் போடுவதில் லாபம் இல்லை.

கனமான கால் மட்டும் இருந்தால் போதாது. கூரையிலிருந்து அந்தக் கால் வரை பிடிப்பு எங்கும் அறுபடாமல் தொடர வேண்டும். வரிச்சு கைமரத்தோடும், கைமரம் உத்திரத்தோடும், உத்திரம் காலோடும், கால் இரும்புப் பட்டையோடும் கட்டுண்டிருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கூரை போய்விடும். கவையில் உத்திரம் சும்மா உட்கார்ந்திருந்தால் கீழ்நோக்கிய பாரத்தை நன்கு தாங்கும், மேலே தூக்கும் விசைக்கு எழும்பிவிடும். பாட்டன் காலத்துக் கவையிலும் உத்திரத்தைச் சுற்றி ஜி.ஐ. கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டுங்கள்.

சவுக்கில் ஆணி அடிப்பது கூடாது. அடித்தால் நீளவாட்டில் பிளக்கும். பிளந்த இடத்தில் பிடிப்பு இராது. துளையிட்டு, இரு பக்கமும் பெரிய வாஷர் வைத்துப் போல்ட் போடுவதே நல்லது. துளை கம்பின் நுனியிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

ஈர்க்குச்சிப் பரீட்சை

மாணவர்கள் மரத்தைத் தொடுமுன் சிறு மாதிரி ஒன்று செய்து பார்ப்பார்கள். விவசாயிகளும் பத்து நிமிடத்தில் இதைச் செய்யலாம். நான்கு ஈர்க்குச்சிகளை நூலால் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளினால், உடனே அது சாய்சதுரமாகிப் படுத்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சி ஒன்றைக் கட்டிவிட்டுத் தள்ளினால் அசையாது. முக்கோணம் தன் வடிவத்தை விடாது, சதுரம் விட்டுவிடும். நம் கொட்டகைகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஐந்தாவது குச்சி இல்லை. ஒவ்வொரு காலுக்கும் உத்திரத்துக்கும் இடையே இரண்டு மூன்று அடி நீளத்தில் சாய்வுக்கட்டை ஒன்று போதும். ஆள் குனியாமல் நடக்கவும் இடைஞ்சல் இராது.

மாதிரிக்குப் பிறகு மாணவர்கள் ஒரே ஓர் இணைப்பை மட்டும் முழு அளவில் செய்து, மணல் மூட்டை தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். தூளி தொங்கப்போகும் உத்திரத்துக்காவது இந்தச் சோதனையைச் செய்வது அவசியம். மூன்று மணல் மூட்டையை ஒரு நாள் முழுவதும் தொங்கவிட்டு, கீறலோ வளைவோ தெரியாவிட்டால் குழந்தையை நம்பி விடலாம்.

கூரையின் வடிவத்திலும் கவனம் வேண்டும். இரண்டு பக்கச் சரிவைவிட நான்கு பக்கமும் சரிந்த கூரையே புயலுக்குத் தாங்கும். கால்களுக்கிடையே 9 அடி அகலம் இருந்தால் முகடு உத்திரத்திலிருந்து மூன்றரை அடி உயரட்டும். சரிவு இதைவிடக் குறைந்தால் கீற்றில் மழைநீர் நின்று சீக்கிரம் மக்கும். காற்றின் தூக்கலும் கூடும். இறவாணம் ஒன்றரை அடி வெளியே நீண்டிருந்தால் காலும் பீடமும் நனைவது குறையும். மின்கம்பத்தில் உள்ள பீங்கான் இன்சுலேட்டர் அடுக்கடுக்காகக் குடை விரித்தாற்போல் இருப்பதன் நோக்கமும் இதுதான். மேல் விளிம்பில் மழை சொட்டி விழ, அதன் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கிறது. கொட்டகைக்கு அந்தக் குடை இறவாணம். அதையும் அளவு மீறி நீட்டினால் காற்றுக்குப் பிடி கொடுத்ததாகும்.

மாணவர்கள் கட்டும் குடில்கள் சிலவற்றில் வளைவும் நெளிவும் சற்று அதிகம். கட்டி முடித்த முதல் வாரம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால்தான் எது நின்றது, எது கண்ணுக்கு மட்டும் கட்டியது என்பது தெரியும். விவசாயிக்கு நேர்க்கம்பும் நேர்க்கோடும் போதும்.

கம்பைப் பக்குவம் செய்தல்

காலுக்கு அடிச் சுற்றளவு 13, 14 அங்குலம் உள்ள நேரான சவுக்கைத் தேர்ந்தெடுக்கவும். வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிட வேண்டும். உரிக்காத கம்பில் பட்டைக்கடியில் வண்டு புகுந்து துளைக்கும், காய்வதும் தாமதமாகும். உரித்த பச்சைக் கம்பை வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது செலவு குறைந்த பாதுகாப்பு முறை. 100 லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ என்ற அளவில் கரைக்கவும். நீளமான பள்ளத்தில் பாலிதீன் தாள் விரித்துக் கரைசலை ஊற்றி, கம்புகள் முழுகக் கல்லை ஏற்றி ஒரு வாரமாவது விட வேண்டும். பின் எடுத்து, தார்ப்பாயால் மூடி இரண்டு மூன்று வாரம் வைத்தால் மருந்து உட்புறம் பரவும். அதன் பிறகு தரையில் படாமல் நிழலில் அடுக்கிக் காயவிடலாம்.

இந்த மருந்து தண்ணீரில் கரைவது. மழை பட்டால் கழுவிப் போய்விடும். கூரைக்கடியில், மண்ணைத் தொடாமல் நிற்கும் மரத்துக்கே இது பயன்படும். ஆகவே பீடம் இல்லாமல் மருந்தை மட்டும் நம்புவது வீண் செலவு. கரைசலைக் கையாளும்போது ரப்பர் உறை அணிய வேண்டும். பள்ளத்தில் ஆடு மாடு வாய் வைக்காதபடி மூடி வைக்கவும். மிஞ்சியதை வயலிலோ குட்டையிலோ ஊற்றக் கூடாது. போரான் சத்து அளவுக்கு மிஞ்சினால் பயிரைக் கருக்கும். ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய பழைய கம்பங்கள் கிடைத்தால், அவற்றின் துண்டுகளை அடுப்பில் எரிப்பது ஆபத்து.

இடமும் பராமரிப்பும்

தனித்து நிற்கும் பனை, தென்னை முதலிய உயர்ந்த மரத்தடியில் கொட்டகை போடக் கூடாது. இடி இறங்கும்போது அந்த மரமே எமனாகும். கொட்டகையும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. இடி முழங்கும் போது வீட்டுக்குத் திரும்பிவிடுவதே நல்லது. தண்ணீர் தேங்காத மேட்டில் அமைத்து, சுற்றிலும் சிறு வாய்க்கால் எடுத்துவிட வேண்டும். பூச்சி மருந்தைத் தூளி தொங்கும் கூரையின் கீழ் வைக்கக் கூடாது. கீற்றுக் கூரைக்கு அடியில் அடுப்பு மூட்டுவதும் கூடாது.

பச்சை மண் காயும்போது சுருங்குவதை எதிர்பார்த்துப் பீங்கான் தொழிலாளி அச்சையே பெரிதாக எடுக்கிறார். மரமும் காயும்போது பருமனில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. ஆகவே கட்டிய இரண்டு மாதத்தில் எல்லாப் போல்ட்டையும் ஒரு முறை முடுக்க வேண்டும்; கயிற்றுக் கட்டுகளையும் இழுத்துக் கட்ட வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு முறை பார்த்தால் போதும். பீடத்தின் பளபளப்பான பக்கத்தில் கறையான் மண்கோடு போட்டு ஏறியிருந்தால் தெளிவாகத் தெரியும். குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்.